மெஷின் நல்லாத்தான் இருக்கு

என் வீட்டுக்காரர் டேனியல் "எனக்குத் தெரியாது" என்று வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டார். பாதி வழியில் கண்டக்டரே சிரித்துவிட்டார். இவரோ ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "இந்த வழியில காத்து நல்லா வரும், அதான் ஏறினேன்" என்றார். அப்போது நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

நான் வாலாஜாபேட்டைக்காரி. எங்கள் வீட்டில் தப்புச் செய்தால் சத்தமாக ஒப்புக்கொள்வோம், சத்தமாகத் திட்டு வாங்குவோம், கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். இவர் வளர்ந்த விதம் வேறு. மாமனார் ரத்தினசாமி ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை பார்த்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற வேலை. அந்த வாடை எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. மனிதரோடு வீட்டுக்கு வரும், துணியில் ஏறும், பிள்ளைகளின் புத்தகப் பையில் ஏறும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்ததை இவர் எனக்கு ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார், அதையும் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை மாமியார் சவுரியம்மாள் சொன்னார். அன்றிலிருந்து விடிகாலையில் எழுந்து குளித்து, தன் துணியைத் தானே துவைத்துத் தனிக்கொடியில் காயப்போட ஆரம்பித்தாராம். யாரும் தன்னைக் கைகாட்டி ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வாழ்க்கை.

வேலூரில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தார். ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனி முழுக்க இருக்கிற கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாம் இவர் பொறுப்பு. எல்லோரும் "சிஸ்டம் சார்" என்பார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஐடி கார்டு. சட்டையில் ஒரு பேனா கறை இருந்தால்கூடப் போட்டுக்கொள்ள மாட்டார். அந்தச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

இனி அந்த மவுஸ் விஷயம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் இவரைப் பிடித்து உட்காரவைத்து, புரிகிற வரை கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஷூவின் ஒவ்வொரு பாகத்தையும் கம்ப்யூட்டரில் வரைகிற இடத்துக்குப் பேட்டர்ன் ரூம் என்று பெயர். அங்கே வரைந்து அனுப்புவதைப் பார்த்துத்தான் கட்டிங் மெஷின் தோலை வெட்டும், துளை போடும். அந்த ரூமில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. வரைகிற புரோகிராம் அதில் மட்டும்தான் ஓடும், புதுக் கம்ப்யூட்டரில் ஏறாது. புரோகிராம் செய்த கம்பெனியையோ எப்போதோ மூடிவிட்டார்கள். ஒருநாள் காலையில் அந்தக் கிழடு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வெளிநாட்டு ஆர்டர் காத்துக்கொண்டிருக்கிறது. ஆளாளுக்குத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

இவர் ஒரு வேலை செய்தார். பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்ததை எல்லாம் அப்படியே எடுத்து, ஒரு புதுக் கம்ப்யூட்டருக்குள் தனி அறை ஒதுக்கி, அங்கே குடிவைத்தார். விர்ச்சுவல் மெஷின் என்பார்களாம். வெளியே இருப்பது புது மெஷின். அதன் திரையில் ஒரு ஜன்னலைத் திறந்தால் உள்ளே பழைய மெஷின் பழையபடியே ஓடும். தான் இன்னொரு மெஷினுக்குள் இருக்கிறோம் என்பதுகூட அதற்குத் தெரியாதாம். உள்ளே இருக்கும் அதைக் கெஸ்ட் என்று சொல்கிறார்கள். வந்த விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளிக்குச் சொந்தமாக மவுஸ் கிடையாது. நம் கையில் இருக்கிற மவுஸ் வெளி மெஷினுடையது. அது எங்கே நிற்கிறது, எங்கே அழுத்தினோம் என்பதை உள்ளே இருக்கிற மெஷினுக்குச் சரியாகச் சொல்வதற்கு, அதற்குள் டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் போட வேண்டும். பொருந்தாத டிரைவரைப் போட்டால் திரையில் அம்பு ஓரிடத்தில் நிற்கும், கிளிக் அதற்குக் கொஞ்சம் தள்ளி விழும். இவர் அன்றைய அவசரத்தில் தன்னிடம் இருந்த ஒரு பழைய டிரைவரைப் போட்டார். இங்கே அங்கே அழுத்திப் பார்த்தார், பெரிய பெரிய பட்டன்கள், எல்லாம் வேலை செய்தது. ஒரு மயிரிழை வித்தியாசம் பட்டனில் எப்படித் தெரியும்? முடிந்தது என்று சொல்லிவிட்டார். கம்பெனியின் ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவில் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான்தான் அந்தப் பொன்னாடையை மடித்துப் பீரோவில் வைத்தேன், பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்தேன்.

அந்த மெஷினில் உட்கார்ந்து வரைகிறவள் பாக்யலட்சுமி. குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். தையல் லைனில் சேர்ந்து, கை சுத்தத்தைப் பார்த்துப் பேட்டர்ன் ரூமுக்கு எடுத்தார்கள். அந்த ரூமின் மேனேஜர் ஷபீ அஹமது, ஒரு கோடு சரியில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆள். அவரே, "அந்தம்மா கை வெச்சா நான் செக் பண்றதில்ல" என்பாராம். அந்த ஒரு பேச்சுதான் பாக்யலட்சுமியின் சொத்து.

புது மெஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் வைக்கிற புள்ளி ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி விழுந்தது. அவள் மெஷினைச் சந்தேகப்படவில்லை. சிஸ்டம் சார் மேடையேறிப் பொன்னாடை வாங்கிய மெஷின் ஆயிற்றே! தன் கைதான் நடுங்குகிறது என்று முடிவு செய்துகொண்டாள். வெளியே சொல்லக் கூச்சம். சொன்னால் அந்த நாற்காலி போய்விடும் என்ற பயம். அதனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் பிறகு, கீபோர்டில் இடப்பக்க அம்புக்குறியை இரண்டு தட்டுத் தட்டிப் புள்ளியைச் சரியான இடத்துக்கு நகர்த்திக்கொண்டாள். கிளிக், இரண்டு தட்டு. நாளாக ஆக அவள் பார்க்காமலே விரல் அதைச் செய்தது. வேலை சுத்தமாகப் போயிற்று, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இவருக்கும் அவள் தட்டுகிற விஷயம் தெரியாது. ஆனால் ஒருநாள் தற்செயலாக வேறு எதையோ தேடும்போது, தான் போட்ட டிரைவர் அந்த மெஷினுக்கு ஆகாதது, கிளிக் தள்ளி விழும் என்று படித்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டதாம். நேரே போய், "அம்மா, தப்பான டிரைவரைப் போட்டுட்டேன், மாத்தப் போறேன்" என்று சொல்லியிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தார். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காகக் கம்பெனிகளில் மதிய இடைவேளை நீளமாக விடுவார்கள். பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் இல்லாத அந்த ரூமுக்குள் திருடன் மாதிரிப் போய், சரியான டிரைவரைப் போட்டு, மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டு, நாற்காலியைப் பழையபடி தள்ளி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த நாள் பாக்யலட்சுமி வழக்கம்போல் வந்து உட்கார்ந்தாள். லேஸ் கோர்க்கிற துளைகளுக்குப் புள்ளி வைக்கிற வேலை. இப்போது கிளிக் சரியான இடத்தில் விழுகிறது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? விரல் பாட்டுக்கு இரண்டு தட்டுத் தட்டியது. எல்லாத் துளையும் தோலின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. கட்டிங் மெஷின் அப்படியே துளை போட்டது. அவள் கை வைத்ததை யார் செக் பண்ணுவார்கள்? தைத்து முடித்து, கால் வடிவ அச்சில் ஏற்றி இழுக்கிற இடத்தில்தான் தெரிந்தது. ஜோடி ஜோடியாகத் துளை கிழிந்துகொண்டு வந்தது. நல்ல தோல், ஏற்றுமதித் தோல். ஒருமுறை துளை விழுந்தால் அதை வைத்து வேறொன்றும் செய்ய முடியாது.

ஷபீ அஹமது எல்லோரையும் பேட்டர்ன் ரூமுக்குக் கூப்பிட்டார். இவரும் ஐடி கார்டோடு போய் நின்றார். மேஜைமேல் கிழிந்த தோல் துண்டுகள். ஷபீ அஹமது கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்கிறார் இவர்.

"இன்னாம்மா, உன் கையில இப்படி வந்ததே இல்லியே. இன்னா ஆச்சு?"

பாக்யலட்சுமி தலையை நிமிர்த்தவே இல்லையாம். "என் கைதான் சார். கொஞ்ச நாளா நான் வெக்கிற எடத்துல புள்ளி விழல. கை நடுங்குது. சொல்ல வெக்கமா இருந்துச்சு. கீபோர்டுல ரெண்டு தட்டு தட்டி நகத்திக்கினே இருந்தேன். அன்னிக்கு எப்படியோ ஜாஸ்தி போயிடுச்சு சார்."

அந்த ரூமில் நின்ற எல்லோரிலும் அதன் அர்த்தம் புரிந்தது என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான். ஷபீ அஹமது இவர் பக்கம் திரும்பினார். "இன்னா டேனியல், மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"செக் பண்ணேன் சார். மெஷின் நல்லாத்தான் இருக்கு."

பொய் இல்லை. அன்றைக்கு மெஷின் நல்லாத்தான் இருந்தது. ஒரு சுத்தப் பொய் சொல்லியிருந்தாலாவது மன்னித்திருப்பேன்.

பாக்யலட்சுமி தானாகவே வேறு வேலை கேட்டாள். பேக்கிங்கில் போட்டார்கள். ஷூவுக்குள் காகிதத்தைச் சுருட்டி அடைக்கிற வேலை. அங்கே கை நடுங்கினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இதெல்லாம் நடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. இவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரியும். மீன் குழம்பு வைத்த நாளில்கூட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கேட்டால் "வயிறு பேஜார்" என்பார். நானும் மாத்திரைக் கடைக்காரி புத்தியில் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன், முட்டாள்!

ஒரு சாயங்காலம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கையில் வேலூர் ஆஸ்பத்திரிச் சீட்டு, அதில் பாக்யலட்சுமி என்று பேர். பார்த்தேன், வெறும் சத்து மாத்திரை. பணத்தை எண்ணி என் கையில் தராமல் கண்ணாடிமேல் வைத்து மெதுவாகத் தள்ளினாள்.

"ஏன்க்கா, கையில குடுக்க மாட்டீங்களா?" என்று சும்மா கேலியாகத்தான் கேட்டேன்.

"கை ஆடுதும்மா. கீழ போட்டுடுவேன்."

நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே கை நடுங்குகிறவர்கள் சீட்டை நீட்டும்போதே காகிதம் படபடக்கும். இவள் நீட்டிய சீட்டு அசையவே இல்லை. "எங்கக்கா ஆடுது? நல்லாத்தானே இருக்குது?" என்றேன்.

"டாக்டரும் அதான் சொல்றாரு. ஒண்ணுமே இல்லியாம். ஆனா எனக்குத் தெரியும்மா. அதனால ஒரு லாட்டு தோலே பாழாப் போச்சு. மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு சிஸ்டம் சாரே சொல்லிட்டாரு." எந்தக் கம்பெனி என்று கேட்டேன். சொன்னாள். அந்த சிஸ்டம் சார் என் வீட்டுக்காரர்தான் என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியாது, வாய் வரவில்லை. அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி இவர் வீட்டுக்கு வந்ததும், "உங்க கம்பெனியில பாக்யலட்சுமின்னு ஒருத்தவங்க..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். மனுஷன் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினார். வெள்ளிக்கிழமை, டிரைவர், இரண்டு தட்டு, அந்த வாக்கியம். நான் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் கறிவேப்பிலையோடு அப்படியே நின்றேன்.

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். பாவசங்கீர்த்தனத்துல."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "ஃபாதருக்கும் மவுஸுக்கும் இன்னாங்க சம்பந்தம்? ஃபாதரா பேக்கிங்ல ஒக்காந்து காயிதம் சுருட்டறாரு? நீங்க மொழங்கால் போட்டு ஜெபம் சொல்லிட்டு வந்தா அந்தம்மா கை சரியாப் போயிடுமா?"

"ஃபாதரும் அதான் சொன்னாரு. போய் அவங்ககிட்ட சொல்லுன்னு."

"அப்ப ஏன் சொல்லல?"

தலையைக் குனிந்துகொண்டு ஷூவின் லேஸை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. அவர் வெட்கப்பட்டதைவிட நான் அதிகம் வெட்கப்பட்டேன் என்றுகூடச் சொல்வேன். அந்தப் பொன்னாடைக்கு நான் ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்தவள். இன்று அந்தப் பெண்ணுக்குத் தேவையே இல்லாத மாத்திரையை விற்றுவிட்டு வந்தவள்.

மறுநாள் ஷபீ அஹமதுவிடம் போனார். போகாவிட்டால் நானே கம்பெனி கேட்டில் வந்து நிற்பேன் என்று சொல்லியிருந்தேன், செய்யக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாம் சொன்னாராம். ஷபீ அஹமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"அன்னிக்கு எல்லார் எதிர்லயும் உங்கள கேட்டேன்ல டேனியல்?"

"கேட்டீங்க சார்."

"தோல் போனா போவுது. என் சர்வீஸ்ல எவ்ளோ தோல் போயிருக்கு. அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப மொதல்ல எங்கிட்ட ஏன் வந்தீங்க?"

இவர் ஐடி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "திங்கக்கெழம அவங்க சீட்ல வந்து ஒக்காரச் சொல்லுங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க, நான் சொல்லி அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஷபீ அஹமது வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் குடியாத்தம் பஸ் ஏறினோம். தெருவுக்குத் தெரு பவர்லூம் சத்தம், லுங்கி நெய்கிற ஊர். வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டியதும் பாக்யலட்சுமி பதறிவிட்டாள். "சார்! வாங்க சார், இன்னா இவ்ளோ தூரம்? ஐயோ, இது உங்க வூட்டம்மாவா? மெடிக்கல்ல பாத்தேனே!" வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருக்கிறாராம். எங்களை உட்காரவைத்து டீ போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரில் பாதிதான் டீ இருந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்க. நெறைய ஊத்துனா சிந்திடும், கை ஆடுது" என்றாள்.

இவர் டம்ளரைத் தொடவில்லை. சொல்ல ஆரம்பித்தார். முதலில் விர்ச்சுவல் மெஷின், வெர்ஷன் என்று சுற்றி வளைத்தார். நான் தொடையில் ஒரு இடி இடித்தேன். அப்புறம் நேராகச் சொன்னார். "உங்க கை நடுங்கவே இல்லம்மா. நான் போட்ட டிரைவர்தான் தப்பு. கிளிக் தள்ளி விழுந்தது அதனால. அதை வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சொல்லாம மாத்திட்டேன். அதனாலதான் ரெண்டு தட்டும் ஜாஸ்தியாப் போச்சு."

பாக்யலட்சுமி தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தாள். "அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அன்னிக்கு ஷபீ சார் கேட்டாரே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்க?" அவள் குரல் உயரவில்லை. "டெய்லி அதான் சார் காதுல கேக்கும். மெஷின் நல்லா இருக்கு, நான்தான் சரியில்லன்னு. பஸ்ல வரும்போதும் போவும்போதும் என் கையையே பாத்துக்கினு வருவேன்."

இவர் கை கூப்பினார். திங்கட்கிழமை அவள் பழைய சீட்டுக்கே வரலாம், ஷபீ அஹமது சொல்லிவிட்டார் என்றார். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"சீட்டு கெடக்குது சார். என் தம்பி எங்கூட பேசறதில்ல, தெரியுமா உங்களுக்கு?" என்றாள். எங்களுக்கு எப்படித் தெரியும்? அவளே சொன்னாள். தம்பி பஞ்சாட்சரம் அடுத்த தெருவில்தான் இருக்கிறான், சொந்தமாகத் தறி ஓட்டுகிறான். அவனுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. பேர் வைக்கிற நாளில் அத்தைக்காரிதான் குழந்தையைத் தூக்கி, காதில் பேர் சொல்லி, தொட்டிலில் போட வேண்டும். முதல் குழந்தைக்கு இவள்தான் போட்டாள். இந்தக் குழந்தைக்கு எல்லோரும் இவளைக் கூப்பிட்டபோது, கை நடுங்கிக் குழந்தையைத் தவறவிட்டுவிடுவோம் என்று பயந்து, இடுப்புப் பிடித்துக்கொண்டது, வேறு யாராவது போடுங்கள் என்று சுவர் ஓரமாக நின்றுவிட்டாளாம். வேறு யாரோ போட்டார்கள். "மறுபடியும் பொண்ணாப் போச்சுன்னு எங்க அக்கா தொடக்கூட மாட்டேங்குது" என்று தம்பி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டானாம்.

"கை நடுங்குதுன்னு சொல்லியிருக்கலாமேக்கா?" என்று நான் கேட்டேன்.

"வெக்கமா இருந்துச்சும்மா," என்றாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்யலட்சுமி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "கம்பெனில நீங்க சொல்லுங்க, சொல்லாமப் போங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். இப்ப எங்கூட வந்து என் தம்பி வூட்ல சொல்லுங்க சார்."

போனோம். வாசலை ஒட்டித் தறிக் கொட்டகை. பஞ்சாட்சரம் அக்காவைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி நூல் கண்டை மாற்றிக்கொண்டிருந்தான். நான்தான் போய், "தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா, இவரு ஒண்ணு பேசணும்" என்று கத்தினேன். தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினான். சத்தம் நின்றதும் அக்கம்பக்கத்து ஆட்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அவன் மனைவி நந்தினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் ஒருத்தன் மூக்கைப் பிடித்ததற்கே தினமும் விடிகாலையில் எழுந்து குளித்த மனிதர், முன்பின் தெரியாத அத்தனை பேர் நடுவில் நின்று, தன் தப்பை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். மவுஸ், டிரைவர் எல்லாம் அங்கே யாருக்குப் புரிந்ததோ தெரியாது. "நான் செஞ்ச தப்ப அவங்க தலையில போட்டுட்டு வாயை மூடிக்கினு நின்னேன்" என்றது எல்லோருக்கும் புரிந்தது.

பஞ்சாட்சரம் கையில் ஒட்டிய பஞ்சைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "ஏன் சார், படிச்சவங்கதானே நீங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவன் அக்காவிடம் திரும்பினான். "நீயாவது எங்கிட்ட சொல்லக் கூடாதாக்கா?"

நந்தினி முன்னால் வந்து குழந்தையை நீட்டினாள். "தூக்குங்க அண்ணி."

பாக்யலட்சுமி கையை நீட்டப் போனாள், பாதியில் இழுத்துக்கொண்டாள். சட்டென்று தரையில் உட்கார்ந்து கால் இரண்டையும் நீட்டினாள். "கால்மேல படுக்க வையி" என்றாள். நந்தினி குழந்தையை அவள் கால்மேல் கிடத்தினாள். குழந்தை நன்றாக விழித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. பாக்யலட்சுமி அதைத் தொடவில்லை. உள்ளங்கை இரண்டையும் சிமெண்டுத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் ஒரு அசைவும் இல்லை, நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அவள் நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்றாள்.

"உங்க கை நடுங்கவே இல்லம்மா," என்றார். அவள் கையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அவர் குத்துக்காலிட்டு அவள் எதிரில் உட்கார்ந்து மறுபடியும் சொன்னார்.